பார்க்கும் உரிமை

எம்.டி. அறையில் டிவிக்குப் படம் வரவில்லை என்று போன் வந்தபோது நந்திதா சர்வர் அறையில் ஏசி மெக்கானிக்குடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இன்னும் சற்று நேரத்தில் ஜெர்மனி வாடிக்கையாளர்கள் வீடியோவில் வரப்போகிறார்கள். இந்த மாதிரி வேலைக்கு வழக்கமாக அவளுக்குக் கீழே இருக்கும் சபரீஷ்தான் போவான். அன்று அவன் கருமத்தம்பட்டி பிளாண்டில் இருந்தான். அதனால் அவளே ஒரு கேபிளைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறினாள்.

விவசாயப் பம்ப்செட் செய்கிற கம்பெனி அது. பீளமேட்டில் தலைமை அலுவலகம், வெளியே இரண்டு பிளாண்ட், வெளிநாட்டு ஆர்டர்கள். அத்தனை கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க்குக்கும் நந்திதாதான் மேனேஜர். முதலாளி தனபால் அவளை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மணி என்பார், இல்லையென்றால் ஏனுங்க என்பார். கோபம் வந்தாலும் அந்த 'ங்க' குறையாது.

கேபிளை மாட்டி ரிமோட்டை அழுத்தியதும் சுவரை அடைத்துக்கொண்டிருந்த டிவியில் படம் வந்தது. அவள் எதிர்பார்த்தது பம்ப் டிராயிங். வந்தது சின்னச் சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே ஒரு பெயர். அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ், டிசைன் என்று கம்பெனியில் கம்ப்யூட்டர் வைத்திருந்த ஒவ்வொருவரின் திரையும் அங்கே இருந்தது. நடுவில் ஒன்று மட்டும் பெரிதாக்கப்பட்டிருந்தது. அது நேற்று எடுத்த படம். டிசைன் பிரிவு மோகனப்பிரியாவின் வாட்ஸப். 'அப்பாகிட்ட நானே பேசறேன் கௌதம், கொஞ்சம் டைம் குடு' என்ற வரியைப் படித்த பிறகுதான், தான் படித்துக்கொண்டிருப்பது நந்திதாவுக்கு உறைத்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தவர் குளிக்கிற இடத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி உடம்பு கூசியது.

நாற்காலியில் இருந்த தனபால் பதறவில்லை. நிதானமாக லேப்டாப்பில் அந்த ஜன்னலை மூடினார்.

"இது எப்படிங்க சார் உங்க லேப்டாப்புல வருது?"

"சபரீஷ் போட்டுக் குடுத்தானுங்க. நீங்க அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன்னு லீவுல போயிருந்தீங்கல்ல, அப்பத்தான்." தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, குரலைத் தணித்து, வீட்டு விஷயம் பேசுகிற மாதிரி சொன்னார். "பாத்தீங்களா அம்மணி அந்தப் புள்ள பண்ற வேலைய? கொடுமுடிப் பக்கம் நஞ்சுண்டன் மாமன் மவளுங்க. நமக்கு ஒறம்பரை. பையன் பவானிக்காரன். என்ன சனம்னு உங்களுக்கு நான் சொல்லோணுமா?"

மோகனப்பிரியா இன்று வேலைக்கு வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, ஊருக்குப் போயிருக்கிறாள் என்று காலையில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க அவங்க அப்பாவுக்குச் சொல்லிட்டீங்களா?"

"நேத்தே சொல்லிப்போட்டேன். சொன்னா நம்போணுமே, அதனால படத்தையும் அனுப்பி உட்டுட்டேன். மாமன் அழுதுட்டாருங்க. நம்ம புள்ளைக நாசமாப் போறதப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுங்களா?" என்றார் தனபால். முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு இருந்தது. அதற்குள் டிவியில் ஜெர்மனிக்காரர்கள் தெரிந்தார்கள். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

நந்திதா கீழே இறங்கி வந்தாள். அவர் மறைக்க முயன்றிருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அவளிடம் மறைக்க வேண்டியதில்லை என்று நினைத்தாரே, அதுதான் பொறுக்கவில்லை. அவளும் தனபாலின் சனம்தான். அதனால் இந்தக் காரியத்தில் அவளும் கூட்டு என்று அவராகவே முடிவு செய்துவிட்டார்.

அந்த மென்பொருளைக் கம்பெனிக்குக் கொண்டுவந்ததே அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் பர்ச்சேஸில் யாரோ பில் என்று நினைத்து ஒரு போலி மெயிலைத் திறந்துவிட, மத்தியானத்துக்குள் டிராயிங், ஆர்டர், சம்பளக் கணக்கு எல்லாம் பூட்டிக்கொண்டன. திறக்கவேண்டுமென்றால் பணம் கொடு என்று திரையில் மிரட்டல். தனபால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நெட்வொர்க்கில் மாட்டாமல் தனியாக எடுத்து வைத்திருந்த பழைய நகல்களைக்கொண்டு நந்திதாதான் மாசக்கணக்கில் எல்லாவற்றையும் மீட்டாள். அதன் பிறகு அவள் கேட்டதையெல்லாம் தனபால் வாங்கிக் கொடுத்தார். அதில் ஒன்று இது. யாராவது டிராயிங்குகளை மொத்தமாக வெளியே எடுத்துப்போனால் எச்சரிக்கை அடிக்கும், அந்த நேரத்துத் திரையைப் படம் எடுத்து வைக்கும். அவ்வளவுக்குத்தான் அவள் வாங்கினாள். எச்சரிக்கை இல்லாமல் படம் எடுக்கக் கூடாது, எடுத்த படத்தை அவளும் மனிதவளப் பிரிவில் ஒருவரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும் என்று விதியும் போட்டிருந்தாள்.

அதைக் கேன்டீனில் எல்லோரையும் கூட்டி வைத்து விளக்கியபோது, மோகனப்பிரியாதான் எழுந்து நின்று கேட்டாள். "எங்க பர்சனல் மெசேஜெல்லாம் பாப்பீங்களா அக்கா?"

"பாக்க மாட்டோம் கண்ணு. இது உங்க பாதுகாப்புக்கும் சேத்துத்தான்" என்று நந்திதா சொன்னாள். அந்தப் பெண் அதை நம்பினாள். நம்பித்தான் ஆபீஸ் லேப்டாப்பில் வாட்ஸப்பைத் திறந்தாள்.

தன் இருக்கைக்கு வந்ததும் நந்திதா முதலில் தனபாலின் கணக்குக்கு இருந்த உரிமையைப் பிடுங்கினாள். பிறகு எல்லாத் திரைகளையும் சில நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கும் ஏற்பாட்டை நிறுத்தினாள். சபரீஷுக்குப் போன் போட்டாள். அவன் முதலில் மழுப்பினான். எம்.டி. கேட்டார், எப்படி இல்லை என்று சொல்வது, அவர் கம்பெனிதானே என்றான்.

"கம்பெனி அவரோடது. அதுல உக்காந்திருக்கற சனங்க அவரோடது இல்ல சபரீஷ்" என்றாள். அதற்கு மேல் அவனைத் திட்டத் தோன்றவில்லை. வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பவன், கேட்டவர் முதலாளி.

மோகனப்பிரியாவின் போன் அணைந்து கிடந்தது. அவளோடு ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவள் அக்கவுண்ட்ஸில் வேலை பார்க்கும் ஹர்ஷிணி. அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் அப்பாவும் சித்தப்பாவும் காரில் வந்தார்கள், அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொல்லி ஏற்றினார்கள், கார் கதவை மூடியதுமே சித்தப்பா அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கியதை மாடியிலிருந்து பார்த்தேன் என்றாள். கௌதமனிடம் ஹர்ஷிணி பேசியிருந்தாள். கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் இன்ஜினியர் அவன். மோகனப்பிரியாவுடன் ஒரே கல்லூரியில் படித்தவன். இரவோடு இரவாக இரண்டு பேர் பவானியில் அவன் வீட்டு வாசலில் வந்து நின்று, மகனை அடக்கி வையுங்கள் என்று அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவன் பெற்றவர்களை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, கொடுமுடிக்குப் போகிறேன் என்று நின்றான். நீ போனால் அவர்களுக்கு வசதியாகிவிடும், போகாதே என்று நந்திதா போனில் சொன்னாள்.

அன்று வீட்டில் கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள். கிருபாசங்கருக்கு சின்னதாக இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்று இருந்தது. அதில் வார்த்த பம்ப் உறைகள் பெரும்பாலும் தனபாலின் பிளாண்டுக்குத்தான் போயின. அவன் சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். போலீஸுக்குச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள், நேரில் போய் நிற்காதே, நாளைக்கு ஒரு கல்யாணம் காதுகுத்துக்கு நாம் தலைகாட்ட வேண்டாமா என்றான். அவன் கை கழுவிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் வேறு வாடிக்கையாளர் குழு ஒன்று பிளாண்டைப் பார்க்க வருகிறது என்பதும், அன்றைக்குத் தனபால் போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பார் என்பதும் நந்திதாவுக்குத் தெரியும். மோகனப்பிரியாவின் பையோடு கம்பெனி லேப்டாப்பும் ஊருக்குப் போயிருந்தது. அதில் ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. காலையில் 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசி விவரம் சொல்லிவிட்டு, ஹர்ஷிணியைக் கூட்டிக்கொண்டு பல்லடம், காங்கயம் வழியாகக் காரை ஓட்டினாள். கொடுமுடிக்குச் சற்று முன்னால், வாய்க்காலை ஒட்டின தார் ரோட்டில் காரை நிறுத்தினாள். நான் கூப்பிட்டால் உடனே போலீஸுக்குப் போன் போடு என்று சொல்லி ஹர்ஷிணியைக் காரிலேயே விட்டுவிட்டு, மஞ்சள் காட்டுக்கு நடுவே போன மண் தடத்தில் நடந்தாள்.

தோட்டத்து வீடு பெரியது, புதிது. வாசலில் டிராக்டரும் காரும் நின்றன. நஞ்சுண்டன் வெள்ளை வேட்டி சட்டையில் வெளியே வந்தார். அழுது வீங்கின கண்கள். நந்திதா தன் கம்பெனி அட்டையைக் காட்டினாள். மோகனப்பிரியாவிடம் உள்ள லேப்டாப்பில் ஒரு வெளிநாட்டு ஆர்டரின் டிராயிங் இருக்கிறது, உடனே தேவைப்படுகிறது, அவள் விரல் வைத்தால்தான் அது திறக்கும் என்றாள். விரலைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. அந்த ஏற்பாட்டையும் அவள்தான் செய்திருந்தாள்.

"தனபாலுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கறனுங்க" என்று நஞ்சுண்டன் போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அதற்குள் அவர் மனைவி பொன்னாத்தாள் வெளியே வந்து நந்திதாவை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு எந்த ஊருங்க அம்மணி? எந்தக் கூட்டமுங்க?"

நந்திதா சொன்னாள். குலத்தின் பெயரைச் சொன்ன உடனே அந்த அம்மாளின் முகம் இளகியது. உள்ள வாங்க, வெயில்ல நிக்கறீங்களே என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, மோர் கொண்டுவந்து வைத்தாள். அட்டையும் வேலையும் திறக்காத கதவை அந்த ஒரு வார்த்தை திறந்துவிட்டது. அதைத் தான் பயன்படுத்திக்கொண்டதை நினைக்க நந்திதாவுக்கு வாய் கசந்தது. பயன்படுத்தாமலும் இருக்க முடியவில்லை.

மோகனப்பிரியாவை உள்ளறையிலிருந்து கூட்டி வந்தார்கள். அதற்கு முன் தாழ்ப்பாளை வெளியிலிருந்து நீக்கும் சத்தம் கேட்டது. தலை வாரியிருந்தது, நல்ல சுடிதார்தான் போட்டிருந்தாள், ஆனால் இடது கன்னம் தடித்திருந்தது. அவள் நந்திதாவைப் பார்த்த பார்வையில் ஆறுதலே இல்லை. லேப்டாப்பை மேசையில் வைத்து விரலை வைத்தாள். நந்திதா நாற்காலியைப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டாள். அப்பாவும் சித்தப்பாவும் எதிரே உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு லேப்டாப்பின் முதுகுதான் தெரிந்தது.

"அந்த டிராயிங் எங்க வெச்சிருக்கேன்னு காட்டு கண்ணு" என்றாள் நந்திதா.

மோகனப்பிரியா ஒரு டிராயிங்கைத் திறந்தாள். அதன் ஓரத்தில் குறிப்பு எழுதும் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள். 'பாக்க மாட்டோம்னு நீங்கதானே சொன்னீங்க.'

கர்சர் அந்த வரிக்குக் கடைசியில் மின்னிக்கொண்டிருந்தது. நந்திதாவுக்குக் காது சுட்டது. லேப்டாப்பைத் தன் பக்கம் லேசாகத் திருப்பினாள். 'சொன்னேன். காப்பாத்தல. இப்ப நிறுத்திட்டேன். வெளிய வரணுமா?'

பதில் வேகமாக வந்தது. 'ரூமைப் பூட்டி வெக்கறாங்க. வெள்ளிக்கிழமை யாரோ பொண்ணு பாக்க வர்றாங்க. வரணும்.' எழுதிய கையோடு எல்லாவற்றையும் அழித்தாள்.

பெண்ணைப் பார்த்து நிலைமையைத் தெரிந்துகொண்டு திரும்பிப் போய், போலீஸை அனுப்புவது என்றுதான் நந்திதா திட்டம் போட்டிருந்தாள். ஆனால் அந்தத் தாழ்ப்பாள் சத்தத்தைக் கேட்ட பிறகு, மோர் குடித்துவிட்டு எழுந்து போக அவளால் முடியவில்லை. லேப்டாப்பை மூடினாள்.

"அண்ணா, மோகனப்பிரியா எங்கூட வரணும்ங்கறா. இருவத்தஞ்சு வயசுப் பொண்ணுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

சித்தப்பா எழுந்து போய் வாசல் கேட்டைப் பூட்டிவிட்டு வந்தார். நஞ்சுண்டன் குரலை உயர்த்தவே இல்லை. "அது எங்க ஊட்டு விசயமுங்க. நீங்க வந்த வேலை முடிஞ்சுதுன்னா கெளம்புங்க. கேட்டைத் தெறந்து விடச் சொல்றேன்."

"என்னைய மட்டும் விடறதா இருந்தா நான் போகலீங்க" என்று சொல்லிவிட்டு நந்திதா ஹர்ஷிணிக்குப் போன் செய்தாள்.

அதன் பிறகு காத்திருந்த நேரம் கொடுமையாக இருந்தது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, வையவில்லை. மின்விசிறி சுற்றியது. பொன்னாத்தாள் மகளிடம் போய், ஊர் என்ன பேசும், உன் அப்பா இனி எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார் என்று முனகிக்கொண்டே இருந்தாள். நஞ்சுண்டன் திரும்பத் திரும்பத் தனபாலைக் கூப்பிட்டுப் பார்த்தார். மேசையில் மோரில் ஈ உட்கார்ந்தது. இத்தனை மரியாதையும் இத்தனை 'ங்க'வும் ஒரு பெண்ணை அறைக்குள் பூட்டத் தடையாக இல்லையே என்று நந்திதாவுக்கு உள்ளே கொதித்தது.

ஜீப்பில் ஒரு பெண் எஸ்.ஐ. வந்தார். கேட் திறந்தது. அவர் உட்கார்ந்து, பெத்தவங்கதானேம்மா, கோபம் ஆறினதும் எல்லாம் சரியாகும், பேசிப் பார்ப்போமே என்று ஆரம்பித்தார். மோகனப்பிரியா நடுவில் எழுந்தாள்.

"நான் இங்க இருக்க மாட்டேனுங்க மேடம். என்னைய அடிச்சாங்க, ரூமுல போட்டுப் பூட்டுனாங்க. எழுதிக் குடுக்கறேன். என்னைய வெளிய விடுங்க."

எஸ்.ஐ. அவள் கன்னத்தைப் பார்த்தார். பையை எடுத்துக்கம்மா என்றார்.

வாசலைத் தாண்டும்போது நஞ்சுண்டன் நந்திதாவின் முன்னால் வந்து நின்றார். "நம்மாளா இருந்துட்டு இப்பிடிப் பண்ணலாமுங்களா அம்மணி?"

"நம்மாளுன்னுதாங்க தனபால் சார் எனக்கு அதக் காட்டுனாரு. அதுதாங்க எனக்கு வெக்கமா இருக்குது" என்றாள் நந்திதா. அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். மோகனப்பிரியா பின் இருக்கையில் ஹர்ஷிணியோடு உட்கார்ந்துகொண்டாள். ஹர்ஷிணியின் போனில் கௌதமனிடம் பேசும்போதுதான் முதல்முறையாக அழுதாள். காங்கயத்தில் டீக்கு நிறுத்தினார்கள். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் நந்திதாவிடம் சொன்னாள், "வந்ததுக்கு நன்றி சொல்லோணும்னு நெனைக்கறேன் அக்கா. ஆனா வாயில வர மாட்டேங்குது."

"சொல்லாத கண்ணு" என்றாள் நந்திதா.

மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் அவள் செய்த முதல் வேலை, கம்பெனியில் எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பியது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினாள். உங்கள் எல்லோருடைய திரையும் சில வாரங்களாகப் படம் எடுக்கப்பட்டு வந்தது, எம்.டி. அவற்றைப் பார்த்தார், ஒருவரின் சொந்தப் பேச்சு அவர் குடும்பத்துக்கு அனுப்பப்பட்டது, இது நடக்காது என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தவள் நான், நிறுத்திவிட்டேன், நான் போன பிறகு மறுபடி வரலாம், எச்சரிக்கையாக இருங்கள். மோகனப்பிரியாவின் பெயரை எழுதவில்லை.

மெயில் போய்ச் சற்று நேரத்தில் டிசைன் பிரிவில் லேப்டாப் மூடிகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. பெண்கள் கழிப்பறைப் பக்கம் கூடி நின்று பேசினார்கள். தான் எந்த நாளில் என்ன எழுதினோம், யாருக்கு எந்தப் படத்தை அனுப்பினோம் என்று ஒவ்வொருவரும் ஞாபகப்படுத்திப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. கணவனோடு வழக்கு நடத்திக்கொண்டிருந்த ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்தவள் எழவே இல்லை.

தனபால் அவளை மேலே கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது.

"நீங்க செஞ்சது துரோகமுங்க அம்மணி. கம்பெனி ரகசியத்த வெளிய கொண்டு போயிருக்கீங்க. எம்பட கணக்கையே பூட்டியிருக்கீங்க. இதுதான் செக்யூரிட்டி மேனேஜர் பண்ற வேலையா?"

"கம்பெனிக்குள்ள எவனோ திருடன் பூந்து எல்லாரோட திரையையும் பாத்திருந்தா நீங்க என்னைய என்ன பண்ணச் சொல்லியிருப்பீங்க? அவனை வெளிய தள்ளிக் கதவைச் சாத்தச் சொல்லியிருப்பீங்க. நான் அதத்தான் சார் செஞ்சேன்."

"நான் திருடனா?"

"ஒரு பொண்ணோட மெசேஜை எடுத்து அவ அப்பனுக்கு அனுப்பறதுக்கு வேற என்ன பேருங்க?"

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் மற்றதையெல்லாம் மறந்துவிடுகிறேன் என்றார் தனபால். நான் எதையும் மறக்கவில்லை, எழுதியும் கொடுக்க மாட்டேன் என்றாள் அவள். சாயங்காலத்துக்குள் விதிமீறல் என்று காரணம் எழுதி வேலையை விட்டு நீக்கினார்கள். அவளுடைய கணக்கை மூடும் வேலை சபரீஷுக்கு வந்தது. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் அதைச் செய்தான். லிஃப்ட் வரை கூடவே வந்தான்.

பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. டிசைன் பிரிவு மெயில் வந்த அன்று மத்தியானம் வரை வேலையைத் தொடவில்லை. பிறகு மனிதவளப் பிரிவு பேசி உட்கார வைத்தது. ஒரு மாதம் போனதும் அந்த மென்பொருள் திரும்ப வந்தது, இந்த முறை எல்லோரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டு. போடாதவர்கள் இரண்டு பேர் வேலையை விட்டார்கள். கிருபாசங்கருக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர் நின்றது. அவன் நேராக எதுவும் சொல்லவில்லை, ஆனால் வீட்டில் தேவைக்கு மேல் பேசுவதை நிறுத்திவிட்டான். மோகனப்பிரியாவும் கௌதமனும் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பயந்துகொண்டு அவசரமாகச் செய்துகொள்ள மாட்டோம், எங்களுக்குத் தோன்றும்போது செய்வோம் என்றாள் மோகனப்பிரியா. அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது.

போவதற்கு முன் அவள் தனபால் மேல் போலீஸில் புகார் கொடுத்தாள். முதலில் அதை வாங்கவே மாட்டேன் என்றார்கள். கம்பெனி லேப்டாப், கம்பெனி மென்பொருள், இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். வக்கீல் ஒருவர் துணையோடு பல தடவை அலைந்த பிறகு பதிவு செய்தார்கள். நந்திதாவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

ஸ்டேஷனில் ஒரு ஏட்டு கம்ப்யூட்டரில் அவள் சொல்வதைத் தட்டச்சு செய்தார். நல்ல மனிதர்தான். தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். முடிந்ததும் தாளை எடுத்துக் கையெழுத்துக்கு நீட்டினார். நந்திதா படித்தாள். 'மேற்படி நிறுவன உரிமையாளர், அலுவல் நிமித்தமாகக் கண்காணிப்பு மென்பொருளைப் பார்வையிட்டபோது, மேற்படி பெண்ணின் உரையாடல் தற்செயலாக அவர் பார்வைக்கு வர நேர்ந்தது. அவர் நலன் கருதி பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டது.'

"நான் இப்படிச் சொல்லலீங்களே" என்றாள்.

வழக்கமாக எழுதுகிற நடை அது, அர்த்தம் ஒன்றுதான் என்றார் ஏட்டு.

"ஒண்ணு இல்லீங்க. தற்செயலா வரல. அவரு உரிமை கேட்டு வாங்குனாரு. நாள் பூராப் பாத்தாரு. படத்த அனுப்புனாரு. தெரிவிக்கப்பட்டதுன்னு போட்டா யாரு தெரிவிச்சதுங்க, காத்தா?" குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "நலன் கருதின்னு நான் சொல்லவே இல்ல. அத எடுத்துப்போடுங்க."

ஏட்டு பெருமூச்சு விட்டு மறுபடி விசைப்பலகைப் பக்கம் திரும்பினார். நந்திதா நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தபடி ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லத் தொடங்கினாள்.